கோரிகங்கைக் கரையின் கோடைக் கிராமங்கள்

உத்தராகண்ட மாநிலத்தின் பித்தோராகட் மாவட்டத்தில், முன்சியாரி என்னும் மலையூரிலிருந்து கோரிகங்கை நதியை எதிர்த்து வடக்கே நடந்து செல்லும் யாத்ரிகன், லீலம், ரில்கோட் ஆகிய இடங்களைக் கடந்து, பள்ளத்தாக்கின் இருபுறச் சுவர்களும் விலகி வானம் விசாலமாகும் மேட்டு நிலத்தை அடைந்ததும், மர்தோலி, புர்ஃபூ, மிலம் என்று ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படும் கற்கிராமங்களில் கூரையிழந்த வீடுகளே மிகுதியாக நிற்பதைக் காண்பான்.

பஞ்சமோ கொள்ளைநோயோ இவ்வூர்களைப் பாழாக்கவில்லை. ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்திலுள்ள மிலமும் அதன் அண்டையூர்களும் திபெத்து வியாபாரத்தில் செழித்தவை. தானியத்தையும் வெல்லத்தையும் துணியையும் ஆடுகளின் முதுகில் ஏற்றி, ஊண்டாதுரா முதலிய கணவாய்களைத் தாண்டிக் கொண்டுபோய் விற்று, உப்பும் கம்பளியும் வெங்காரமும் வாங்கித் திரும்பி, பனி விழுமுன் குடும்பத்தோடும் மந்தையோடும் தாழ்ந்த ஊர்களுக்கு இறங்கிவிடுவதே ஜோஹார் எனப்படும் இப்பள்ளத்தாக்கின் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக அனுசரித்த ஜீவன முறை. 1962ஆம் ஆண்டின் இந்திய-சீன யுத்தம் அவ்வழியை அடைத்துவிட்டது. வியாபாரம் அற்றுப்போன பிறகு, நெல் விளையாத அந்த உயரத்துக்கு ஆண்டுதோறும் ஏறி வர எத்தனை குடும்பங்களால் இயலும்?

இவர்களுடைய கால்களின் வன்மையை நாடறியச் செய்தவர் மிலத்தைச் சேர்ந்த பண்டிதர் நயின் சிங் ராவத். அந்நியருக்குத் திபெத்து அடைபட்டிருந்த காலத்தில், நூறு காலடிக்கு ஒரு மணியாக ஜபமாலையை உருட்டித் தூரத்தைக் கணக்கிட்டு, பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் குறிப்புகளை மறைத்துக்கொண்டு, 1866இல் லாசா நகரை அடைந்து அதன் ஸ்தானத்தை நிர்ணயித்த அவருக்கு, லண்டனிலுள்ள ராயல் பூகோள சங்கம் 1877இல் தங்கப் பதக்கம் வழங்கிற்று. பெரும் கருவிகளைச் சுமந்து செல்ல முடியாத பூமியை அடியளவாலேயே அளந்த இம்மனிதரை நமது பாடநூல்கள் இன்னும் விரிவாகப் பேசியிருக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இருப்பினும் இவ்வூர்கள் முற்றும் கைவிடப்பட்டவை அல்ல. கோடையில் சில குடும்பங்கள் மந்தைகளோடு ஏறி வந்து உருளைக்கிழங்கு பயிரிடுகின்றன. நந்தாதேவி சிகரத்தை நோக்கிய மர்தோலியில் அம்மனுக்குக் கோயில் இருக்கிறது. ஆகவே, அங்கே செல்லக் கருதும் வாசகர்கள், எல்லைப் பகுதிக்குரிய அநுமதியை முன்கூட்டியே விசாரித்துப் பெற்று, அவ்வூர்க்காரர் ஒருவரையே வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டு, கூரை சரிந்த வீட்டின் சித்திர வேலைப்பாடுள்ள மரநிலையும் உரியவர் ஒருவருடைய சொத்தே என்பதை நினைவில் வைத்து நடந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.