படுக்கையறையில் ஏன் கிடார் இனிக்கிறது?

1982-இல் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் நியூஜெர்சி வீட்டு அறையிலேயே நான்கு தடக் கேசட் கருவியில் ‘நெப்ராஸ்கா’ ஆல்பத்தின் பாடல்களைப் பதிவு செய்தார். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சு வீட்டுக் கூடத்தில் கிடாரை அப்படிப் பதிவு செய்ய முயன்றால் சுரங்கள் ஏன் குழம்புகின்றன?

ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடுகிறது. வழவழப்பான சுண்ணாம்புச் சுவர் அதை விழுங்காமல் திருப்பி அனுப்பும். அடுத்த சுரம் பிறந்த பிறகும் முந்தையது உயர்ந்த கூரைக்கடியில் சுற்றிக்கொண்டே இருக்கும். மெத்தையிலும் கனத்த திரையிலும் காற்று இழைகளோடு உரசி, ஒலி வெப்பமாகிவிடுகிறது. அதனால் படுக்கையறையே நல்ல ஸ்டுடியோ!

மைக்கை ஒலித்துளைக்கு நேரே வைக்காதீர்கள். பெட்டிக்குள்ளிருக்கும் காற்று சுமார் 100 ஹெர்ட்ஸில் அதிர்ந்து அங்கே ‘பூம்’ என முழங்கும். 12-ஆவது ஃபிரெட்டுக்கு எதிரே ஓரடி தள்ளி வையுங்கள். தந்தியும் மரமும் சேர்ந்து பேசும். கடற்காற்றின் ஈரம் மேற்பலகையை உப்ப வைத்து ஒலியை மங்கச் செய்யும். வாசித்ததும் கிடாரை உறைக்குள் வைத்துவிடுங்கள்.