ஒரே பெயர், பல தந்தையர்

ஸ்பெயினில் ஏறத்தாழ 9 லட்சம் பேருக்கு 'பெர்னாண்டஸ்' என்பது முதல் குடும்பப் பெயர். வடக்கேயுள்ள அஸ்தூரியாஸ் பகுதியில் மிகுதியாக வழங்குவதும் இதுவே. எனில், இவர்கள் அனைவரும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்களா?

அல்லர். ஸ்பானியப் பெயர்களின் இறுதியில் வரும் 'எஸ்' என்னும் ஒட்டு 'இன்னாரின் மகன்' எனப் பொருள்படும். பெர்னாண்டஸ் என்றால் பெர்னாண்டோவின் மகன். பெர்னாண்டோ என்பதோ விசிகோத்துகள் வழிவந்த ஜெர்மானியப் பெயர்.

தொடக்கத்தில் இந்தப் பின்பெயர் தலைமுறைதோறும் மாறியது. 10-ஆம் நூற்றாண்டுக் காஸ்டில் பிரபுக்களில், கோன்சாலோ பெர்னாண்டஸின் மகன் பெர்னான் கோன்சாலஸ். அவருடைய மகன் கார்சியா பெர்னாண்டஸ். பெர்னான் என்பது பெர்னாண்டோவின் குறுக்கம். பாட்டன், பேரன் இருவருமே பெர்னாண்டஸ்தான். ஆனால், அவர்கள் பெயர் சுட்டும் பெர்னாண்டோக்கள் வெவ்வேறு மனிதர்கள்.

சொத்து, வாரிசுரிமை, வரி ஆகியவற்றுக்கான ஆவணங்கள் பெருகியபோது, மாறிக்கொண்டேயிருக்கும் பெயர் இடையூறாயிற்று. இடைக்காலத்தின் பிற்பகுதியில் அது மெல்லப் பரம்பரைப் பெயராக உறைந்தது. பெர்னாண்டோ என்பது அரசர்களும் குடிமக்களும் விரும்பிச் சூட்டிய பெயர். எனவே, ஒருவரோடொருவர் தொடர்பற்ற எத்தனையோ பெர்னாண்டோக்களின் வழியினர் ஒரே குடும்பப் பெயரில் நிலைத்துவிட்டனர்.

நம் முத்துக்குளித்துறையிலும் பெர்னாண்டோ, பெர்னாண்டஸ் என்னும் பெயர்கள் உண்டு. 1530-களில் பரதவர் கத்தோலிக்கம் தழுவியபின், போர்ச்சுக்கீசியத் தொடர்பால் ஞானஸ்நானத்தோடு வந்தவை அவை. குருதிவழி வந்தவை அல்ல.

ஒரு பெயரின் பரவல் வேறு, ஒரு வம்சத்தின் பரவல் வேறு. குடும்பப் பெயரை மட்டுமே சான்றாகக் காட்டிக் குலப்பெருமை பேசுவோர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்கின்றனர்.