புகையில் கறுத்த வாடகை ரூம் சுவர்: ஈரத்துணியால் துடைக்கலாமா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்காக ரூம் எடுத்திருக்கீங்களா? அடுப்பில் மறந்த எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால், தீயை அணைத்த கையோடு வரும் அடுத்த பயம் அட்வான்ஸ். பெயின்ட் செலவென்று பிடித்துவிடுவார்களே!

உடனே ஈரத்துணியை எடுக்காதீங்க. புகைக்கரியில் எண்ணெய்ப் பசை உண்டு. ஈரத்தோடு தேய்த்தால் பெயின்ட்டுக்குள் இறங்கித் திட்டாகிவிடும். முதலில் போட்டோ எடுத்துக்குங்க, ஓனரிடம் பேச உதவும். ஜன்னலைத் திறந்து, மாஸ்க் போட்டு, ஆன்லைனில் ‘சூட் ஸ்பாஞ்ச்’ என்று விற்கும் உலர் ரப்பர் ஸ்பாஞ்சால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் எடுக்கணும். அழுத்தக் கூடாது.

பிறகுதான் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த வெந்நீர். மெயினை ஆஃப் பண்ணிவிட்டு, இம்முறை கீழிருந்து மேலாகக் கழுவுங்க. அழுக்குநீர் காய்ந்த சுவரில் வழிந்தால் கோடு விழும். சுண்ணாம்புச் சுவர் கழுவத் தாங்காது, சுரண்டி மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

நேராக எமல்ஷன் அடித்தால் மஞ்சள் கறை மறுபடி வெளியே வரும், வாடையும் போகாது. முதலில் கறை தடுக்கும் ஆயில் பிரைமர் அடிக்கணும்.

கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடு பட்டிருக்கலாம். அப்போது ஸ்பாஞ்ச் வேண்டாம், இன்ஜினீயரைக் கூப்பிடுங்க. 2017 மே 31-ல் தீப்பிடித்த தி.நகர் சென்னை சில்க்ஸ் கட்டிடத்தை இடிக்கத்தான் முடிந்தது.