330 வாட் பேனல், வர்றது 117 வாட்

தென்னேரி ஏரிக்குப் பக்கத்துல சித்தப்பாவோட மோட்டார் கொட்டாய். ராத்திரி காவலுக்குப் படுக்க ரெண்டு லைட், இன்வர்ட்டர்ல ஓடுற ஒரு சீலிங் ஃபேன். 330 வாட் பேனல், 12 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தேன். சார்ஜ் கன்ட்ரோலர்ல மட்டும் காசை மிச்சம் பிடிச்சு, மலிவான பி.டபிள்யூ.எம். போட்டேன். விடியறதுக்குள்ள ஃபேன் நின்னுடும். சித்தப்பா பேட்டரியைத் திட்டுவார்.

தப்பு பேட்டரி மேல இல்லை, என் மேல. அந்தப் பேனல் சுமார் 37 வோல்ட்ல 9 ஆம்பியர் தரும். பி.டபிள்யூ.எம். பேனலை நேரா பேட்டரியோட கோத்துடும். வோல்ட் 13க்கு இறங்கிடும், ஆம்பியர் அதே 9தான். பெருக்கிப் பாருங்க, 117 வாட்! எம்.பி.பி.டி. அந்தக் கூடுதல் வோல்ட்டை ஆம்பியரா மாத்திடும். நல்ல வெயில்ல 20 ஆம்பியருக்கு மேல வரும், அதனால 30 ஆம்பியர் கன்ட்ரோலர் வாங்கணும்.

பி.டபிள்யூ.எம். மோசம்னு சொல்லலை. 12 வோல்ட் பேட்டரிக்குன்னே வர்ற 36 செல் சின்னப் பேனலுக்கு அது போதும்.

கடையில ஆம்பியர் மட்டும் கேக்காதீங்க. பேனலுக்குப் பின்னாடி 'வி.ஓ.சி.'ன்னு ஒரு எண் இருக்கும், எங்களுதுல 46. கன்ட்ரோலர் தாங்குற வோல்ட் அதைவிடக் கூடுதலா இருக்கணும். மாட்டும்போது முதல்ல பேட்டரி, அப்புறம்தான் பேனல்.