லேபிளில் ஒளிந்திருக்கும் 1,600

2023 ஏப்ரலில் மதுரையில் இருக்கும் அப்பா, அம்மாவுக்காக ஏசி வாங்கக் கிளம்பினோம். ஒன்றரை டன்னில் 3 ஸ்டார், 5 ஸ்டார் இரண்டையும் காட்டிய கடைக்காரர், "9,000 ரூபாய்தான் சார் அதிகம். கரண்ட் பில்லிலேயே திரும்ப வந்துடும்" என்றார். நானும் தலையாட்டினேன். இன்ஜினியர் ஆயிற்றே! அம்மாதான் கேட்டார், "எத்தனை வருஷத்துலடா வரும்?"

லேபிளைப் பார்த்தேன். 3 ஸ்டாருக்கு ஆண்டுக்கு 1,000 யூனிட், 5 ஸ்டாருக்கு 750 (கணக்குக்காக முழு எண்ணாக்கியிருக்கிறேன்). மிச்சம் 250 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 2,000 ரூபாய். நாலரை ஆண்டில் போட்ட பணம் வந்துவிடும். "நாம எங்கடா வருஷம் பூரா போடப்போறோம்?" என்றார் அம்மா.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். புரோகிராம் எழுதுபவர்களுக்குத் தெரியும்: ஃபங்ஷனுக்கு நாம் மதிப்பு கொடுக்காவிட்டால், அது டிஃபால்ட் மதிப்பை எடுத்துக்கொண்டு பேசாமல் ஓடிவிடும். எரர்கூடக் காட்டாது. ஏசி லேபிளிலும் அப்படி ஒரு டிஃபால்ட் உண்டு. அந்த யூனிட் கணக்கு, ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்டது. எங்கள் வீட்டிலோ கோடையில் மூன்று மாதம், இரவில் 5 மணி நேரம். மொத்தம் 450 மணி. மிச்சமாவது சுமார் 70 யூனிட், அதாவது 560 ரூபாய். 9,000 திரும்ப வர 16 ஆண்டு! (ஃபிரிட்ஜுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது எல்லார் வீட்டிலும் 24 மணி நேரமும் ஓடுகிறது.)

யூனிட் விலையிலும் நான் முதலில் தப்பு செய்தேன். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, சராசரி 5 ரூபாய் என்று போட்டிருந்தேன். ஆனால் ஏசி சேர்க்கும் யூனிட்டுகள் மேல் ஸ்லாப்பில்தான் போய் விழும். அப்போது 500 யூனிட்டுக்கு மேல் போனால் 8 ரூபாய்.

ஸ்டாரிலேயே இன்னொரு விஷயம். 2022 ஜூலையில் ஏசிக்கான அளவுகோலைக் கடுமையாக்கியபோது, பழைய 5 ஸ்டார் பல 4 ஸ்டார் ஆயின. ஆகவே லேபிளில் எந்த ஆண்டு என்று பாருங்கள்.

எக்செலில் ஐந்து கட்டங்கள் போதும்: இரண்டு மாடலின் யூனிட், விலை வித்தியாசம், மேல் ஸ்லாப் கட்டணம், உங்கள் வீட்டு மணி நேரம். யூனிட் வித்தியாசத்தை உங்கள் மணியால் பெருக்கி 1,600-ஆல் வகுத்து, கட்டணத்தால் பெருக்குங்கள். அதைக் கொண்டு விலை வித்தியாசத்தை வகுத்தால் ஆண்டுக் கணக்கு வந்துவிடும்.

நாங்கள் 3 ஸ்டாரே வாங்கினோம். 2025 மார்ச்சில் தங்கை பிரசவத்துக்கு வந்தாள். ஐந்து மாதம், தினமும் 15 மணி நேரம் ஏசி ஓடியது. ஃபைலைத் திறந்து 450-ஐ 2,250 ஆக்கினேன். அந்த ஒரு வருடத்திலேயே 350 யூனிட் வித்தியாசம். பில்லைப் பார்த்த அம்மா, "உன் கணக்குல பேரன் இருந்தானாடா?" என்றார்.