மாநாடு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு

2023 ஜூலையில் கோலாலம்பூர் மலாயா பல்கலைக்கழகத்தில் 11-ஆவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தது. அடுத்து அப்படி ஒன்று கூடும்போது, பெடாஸ்-லிங்கி டோலைத் தாண்டிப் போகும் பஸ்ஸில் நீங்களும் இருக்கலாம். தாராளமாகப் போய் வாருங்கள். கூட்டத்தில் நோய் எப்படித் தொற்றுகிறது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் கூடாத கூட்டமா என்று கேட்பீர்கள். அங்கே பெரும்பாலும் திறந்தவெளி. மாநாட்டில் மூடிய மண்டபத்துக்குள் நாள் முழுக்க உட்காருகிறோம், ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். அதோடு, பல நாட்டுக்காரர்கள் மூன்று நாள் ஒன்றாக இருந்துவிட்டு, ஒரே நாளில் பல நாடுகளுக்குப் பிரிந்து போகிறார்கள். அவர்களோடு கிருமியும் போகிறது.

நம் மலேசியாவுக்கே அப்படி நோய் வந்திருக்கிறதா? வந்திருக்கிறது. 2020 ஜனவரி 20 முதல் 22 வரை சிங்கப்பூர் கிராண்ட் ஹயாட் ஹோட்டலில் ஒரு நிறுவனத்தின் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் 109 பேர்தான். அதில் 94 பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். அங்கே போயிருந்த 41 வயது மலேசியர் 23-ஆம் தேதி நாடு திரும்பினார். ஆறு நாள் கழித்துத்தான் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. கொரோனா உறுதியான முதல் மலேசியக் குடிமகன் அவர். அடுத்து அவருடைய தங்கைக்கும் நோய் வந்தது. அந்தத் தங்கை சிங்கப்பூர்க் கூட்டத்தின் பக்கமே போகாதவர்.

அடுத்த மாதக் கடைசியில் ஸ்ரீ பெட்டாலிங்கில் நடந்த சமயக் கூட்டத்துக்குச் சுமார் 16,000 பேர் வந்தார்கள். அதையொட்டி நாட்டில் 3,300 பேருக்கு மேல் தொற்றியது. அங்கே கூடியவர்களின் மதத்தைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 109 பேர் கூடிய அலுவலகக் கூட்டத்திலும் இதேதான் நடந்தது.

ஏசி காற்றுதான் காரணமா? சில சமயம் ஆமாம். 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் மாநாட்டுக்கு வந்தவர்களில் 182 பேர் நிமோனியாவில் (நுரையீரல் அழற்சி) விழுந்தார்கள். 29 பேர் இறந்தார்கள். அவர்கள் கூடிய ஹோட்டலின் ஏசி குளிர்நீர்த் தொட்டியிலிருந்த கிருமிதான் காரணம் என்று கருதப்பட்டது. அது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றும் நோயல்ல. நாம் அதிகம் கவனிக்க வேண்டியது பக்கத்து நாற்காலியில் இருமுகிறவரைத்தான்.

போவதற்கு முன் என்ன செய்யலாம்? சளிக்காய்ச்சல் தடுப்பூசியை (இன்ஃபுளுவென்சா ஊசி) இரண்டு வாரம் முன்னதாகவே போட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏற அவ்வளவு நாளாகும். தட்டம்மை ஊசி இரண்டு முறை போட்டாயிற்றா என்று வீட்டில் கேளுங்கள். தட்டம்மைக்காரர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் கிருமி காற்றில் இருக்கும்.

மண்டபத்தில்? நெரிசலான அறையில் மாஸ்க் போடுங்கள். தேநீரை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பேசுங்கள். பஃபேயில் எல்லோரும் தொட்ட கரண்டியைப் பிடித்த பிறகு, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோ வைரசுக்குக் கைக்குத் தடவும் ஜெல் அவ்வளவாகப் போதாது.

திரும்பி வந்த பிறகுதான் முக்கியம். "எனக்கு ஒன்றும் இல்லையே" என்று முதல் இரண்டு நாளில் முடிவு கட்டாதீர்கள். சளிக்காய்ச்சல் ஒன்று முதல் நான்கு நாளில் தலைகாட்டும். கொரோனாவுக்குப் பதினான்கு நாள் வரை ஆகலாம். தட்டம்மைக்கு மூன்று வாரம்கூட ஆகலாம். காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பே நீங்கள் மற்றவருக்குத் தொற்ற வைக்கக்கூடும்.

தோட்டத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒட்டி ஒட்டி இருக்கும் லயம், உள்ளே படுத்திருக்கும் பாட்டி, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை. முதல் சில நாட்கள் பாட்டியோடு ஒரே அறையில் படுக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச ஒரு வாரம் பொறுங்கள். மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் பாட்டியின் வயதில் சாதாரணச் சளியும் நிமோனியாவாகிவிடலாம்.

தொண்டை கரகரத்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் பரிசோதனைக் கிட்டில் சோதித்துப் பாருங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை விழுங்காதீர்கள். வைரசிடம் அது பலிக்காது. மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் மூன்று நாளில் விடாவிட்டாலோ கிளினிக்குக்குப் போங்கள். டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல், "மாநாட்டுக்குப் போய் வந்தேன், வெளிநாட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். எந்த நோயைத் தேடுவது என்பதையே அந்த ஒரு வரி மாற்றிவிடும்.

வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் போகுமே என்ற பயம் புரிகிறது. டாக்டர் எம்.சி. (மருத்துவச் சான்று) கொடுத்தால், வேலைச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 14 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் மண்டோரிடமோ ஆபீசிலோ தகவல் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், எம்.சி. கையில் இருந்தும் அனுமதியின்றி வராதவர் என்று கணக்கு வைத்துவிடலாம். போனில் சொன்னதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவும் அனுப்பி வையுங்கள்.