'போஷ்' என்றால் என்ன?
கப்பல் கதையும் கமிட்டிப் பலகையும்

எங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். மேலே கொட்டை எழுத்தில் 'போஷ் கமிட்டி' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. ஓய்வு பெற ஆறு மாதமே உள்ள பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, போஷ் கமிட்டியாமே! நம்ம ரூமுக்கு ஏ.சி. போடப் போறாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

அவர் மேல் தப்பு இல்லை. மும்பையில் வசிக்கும் நமக்கு 'போஷ்' என்றால் ஒரே அர்த்தம்தான். மலபார் ஹில் 'போஷ் ஏரியா'. கடல் பார்த்த மாடி வீடு 'போஷ் பிளாட்'. பளிங்குத் தரையும் கண்ணாடிக் கதவும் இருந்தால் 'போஷ் ஓட்டல்'. வீட்டு விளம்பரம், கல்யாணப் பேச்சு எல்லாவற்றிலும் இந்த வார்த்தை புகுந்துவிட்டது.

தமிழில் சொகுசு, பகட்டு, படாடோபம் என்று பல சொற்கள் உண்டு. நெல்லைப் பக்கம் 'பவுசு' என்பார்கள். ஓசை ஒன்றுபோல் இருப்பதால் பவுசுதான் போஷ் ஆயிற்று என்று யாரும் எண்ண வேண்டாம். இரண்டுக்கும் உறவு இல்லை.

இங்கிலாந்தில் இந்த வார்த்தைக்கு ஒரு முள்ளும் உண்டு. பணம் மட்டும் இருந்தால் அங்கே 'போஷ்' ஆகிவிட முடியாது. பிறந்த குடும்பம், படித்த பள்ளி, பேசும் உச்சரிப்பு எல்லாம் சேர்ந்தது அது. சாதாரண மக்கள் மேட்டுக்குடியினரைக் கேலியாக 'போஷ்' என்பார்கள். நம் நாட்டிலோ அது வெறும் பாராட்டு.

கப்பல் கதை

இந்த வார்த்தை பிறந்த விதம் பற்றி ஒரு கதை உலகம் முழுவதும் உலவுகிறது. அதில் நம் மும்பைக்கும் பங்கு உண்டு.

வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலாந்திலிருந்து 'பி அண்டு ஓ' கம்பெனிக் கப்பல்கள் மும்பைக்கு வந்தன. பல்லார்டு பியரில் இறங்கிய துரைமார்கள் அங்கிருந்து ரயில் ஏறி வடக்கே போவார்கள். 1928-ல் தொடங்கிய பிரான்டியர் மெயில் அப்படிப்பட்ட பயணிகளை ஏற்றிச் சென்ற வண்டிதான்.

செங்கடல் வழியாக வரும்போது வெயில் தாங்க முடியாது. கிழக்கு நோக்கி வரும் கப்பலில் இடப்பக்கம் வடக்கைப் பார்க்கும். அதனால் அங்கே வெயில் குறைவு. திரும்பிப் போகும்போது வலப்பக்கம் குளிர்ச்சி. கப்பல் பாஷையில் இடப்பக்கம் 'போர்ட்', வலப்பக்கம் 'ஸ்டார்போர்டு'. 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்று பணக்காரர்கள் அறை கேட்டார்களாம். அதன் முதல் எழுத்துகளை டிக்கெட்டில் முத்திரை குத்தினார்களாம். அதுவே 'போஷ்' ஆயிற்றாம்.

கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சாட்சி இல்லை. அந்த முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. முதல் உலகப் போர்க் காலத்திலேயே இந்த வார்த்தை அச்சில் வந்துவிட்டது. 1918-ல் லண்டன் 'பஞ்ச்' பத்திரிகையின் கேலிப்படம் ஒன்றில், விமானப்படை அதிகாரி தன் தாயாரிடம் இந்த வார்த்தையைச் சொல்கிறார். கப்பல் விளக்கமோ 1930-களில்தான் அச்சில் தலைகாட்டுகிறது. பிள்ளை பிறந்த பிறகு எழுதிய ஜாதகம் அது!

டிக்கெட் கொடுத்துப் பிழைக்கும் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. வேலைக்கு வந்த துரை ஊர் திரும்பச் சில சமயம் ஆண்டுகள் ஆகும். எந்தக் கப்பலில் திரும்புவார் என்றே தெரியாதவருக்குத் திரும்பும் அறையை எப்படி முத்திரை குத்திக் கொடுப்பது?

அரைக்காசு

அறிஞர்கள் பலர் வேறொரு வழி காட்டுகிறார்கள். ஐரோப்பாவில் ஊர் ஊராகத் திரிந்த ரோமானி மக்களின் மொழியில் 'போஷ்' என்றால் பாதி. 19-ம் நூற்றாண்டில் லண்டன் திருடர்களின் குழூஉக்குறியில் அது அரைப் பென்னியையும், சில்லறைக் காசையும் குறித்தது. பிறகு காசுக்கும், காசு காட்டித் திரியும் மைனருக்கும் பெயராயிற்று. இதிலிருந்துதான் இன்றைய பொருள் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாவிட்டாலும், கப்பல் கதையைவிட இதற்கு ஆதாரம் அதிகம்.

ரோமானி மக்களின் முன்னோர் பல நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்கள். அவர்கள் மொழி இந்திக்கும் மராத்திக்கும் உறவு. இந்த வழி சரியென்றால், துரைமார் வார்த்தை என்று நாம் வாய் பிளந்தது நாடோடிகளின் அரைக்காசு வார்த்தைதான்!

பலகையில் இருப்பது எது?

இனி எங்கள் அலுவலகப் பலகைக்கு வருவோம். அதில் உள்ள நான்கு எழுத்துகள் உண்மையிலேயே ஒரு சொற்றொடரின் சுருக்கம். 'பிரிவென்ஷன் ஆப் செக்சுவல் ஹராஸ்மென்ட்', அதாவது பாலியல் தொல்லைத் தடுப்பு. 1997-ல் விசாகா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த நெறிகளின் வழியில் 2013-ல் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தைச் சுருக்கமாக இப்படி அழைக்கிறார்கள்.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் இதற்கென ஒரு கமிட்டி இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத விஷயம், வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்பதுதான். அவர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் கமிட்டியிடம் புகார் கொடுக்கலாம். மும்பையில் நகரம், புறநகர் என இரண்டு மாவட்டங்கள். கலெக்டர் அலுவலகமும் இரண்டு. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் கமிட்டி மேலும் 3 மாதம் அவகாசம் தரலாம். எழுதத் தெரியாவிட்டால் கமிட்டியே எழுத உதவ வேண்டும். முகாந்திரம் இருந்தால் 7 நாளில் போலீசுக்கு அனுப்ப வேண்டும்.

மாகிமிலிருந்து கிராண்ட் ரோடுக்கு சீசன் டிக்கெட் எடுக்க மாதாமாதம் என் ஜன்னலுக்கு வருவார் தாராவியைச் சேர்ந்த ஓர் அம்மா. நெல்லைச் சீமைக்காரர். மலபார் ஹில்லில் மூன்று வீடுகளில் வேலை. கூட்டம் இல்லாத நேரத்தில் அவரிடம் இதைச் சொன்னேன்.

"எய்யா, போஷ்னா அவுகளுக்குன்னுல்லா நெனச்சேன். எங்களுக்கும் உண்டுமா?" என்றார்.

"உண்டும்மா" என்றேன். வீட்டில் சமைந்த பேத்தி இருக்கிறாள், அவளும் வேலைக்குப் போகிறாள் என்று சொல்லி, கலெக்டர் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று கேட்டு, சீசன் உறையின் பின்பக்கம் என்னையே எழுதித் தரச் சொல்லி வாங்கிப் போனார்.

வாசகர்களும் தங்களுக்குத் தெரிந்த வீட்டு வேலைப் பெண்களிடம் இதைச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.